மூன்றரை வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே ஹாலோவீன்: வேண்டுமா, வேண்டாமா?

எடிசன் அம்மா:
அக்டோபர் பிறந்தால் போதும், இங்கே அமெரிக்காவில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் எலும்புக்கூடு பொம்மை. எதிர் வீட்டில் மாடி உயரத்துக்கு ஒன்று நிற்கிறது, கண்ணில் நீல விளக்கோடு. அந்தப் பக்கம் போனாலே மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். 31ஆம் தேதி ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். டேகேரிலோ அன்று வேடம் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அன்று சாயங்காலம் வெளியே போகாமல், தெரிந்த நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டிலேயே சின்னதாகக் கொண்டாடலாம் என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர், "நமக்கு எதற்கு இந்தப் பேய்த் திருவிழா?" என்கிறார். உங்கள் வீடுகளில் எப்படி?

டல்லாஸ் மாமா:
நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. கொலு, தீபாவளி, கார்த்திகை என்று நமக்கு வரிசையாக இருக்கிறது. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31இல்தான் வந்தது. சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன்: பட்டுப்பாவாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சூனியக்காரித் தொப்பியும் வாளியுமாகப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஊரில் பாட்டி விடிகாலையிலேயே எழுந்து வீடியோ காலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். தெருவோடு போகிறதை நீங்கள் நடுவீட்டுக்கே கூட்டி வரப்போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குலசை மண்:
வேடம் கட்டி வீடு வீடாகப் போவது நமக்குப் புதிதா மாமா? குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வந்து பாருங்கள். காளி, குறவன், குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஊரே வேடத்தில் திரியும். கைக்குழந்தைக்குக்கூட கிருஷ்ணர் வேடம் போட்டுத் தூக்கி வருவார்கள். ஹாலோவீனுக்குப் பூசணிக்காயில் முகம் குடைகிறார்கள் என்றால், அதே காயில் கோரைப்பல் பூதம் வரைந்து புது வீட்டு வாசலில் கட்டுவது யார்? நாம்தானே!

டல்லாஸ் மாமா:
குலசையில் மாலை போட்டு, விரதம் இருந்து, வாங்கிய காணிக்கையை முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். அது நேர்த்திக்கடன். இங்கே வாங்கியதை அன்றே தின்று பல்லைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி.

முத்துநகர் செல்வி:
"பேய்த் திருவிழா" என்றதற்கு மட்டும் ஒரு வார்த்தை. நவம்பர் 1 சகல புனிதர் பெருவிழா, 2 கல்லறைத் திருநாள். தூத்துக்குடிப் பக்கம் அன்று கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்தில் அறுவடை முடிகிற காலத்துப் பழைய வழக்கங்களும் அதோடு ஒட்டிக்கொண்டன. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு பூசணிக்காய் கிடைத்தது. இவ்வளவு சொல்கிற நானும் எலும்புக்கூடு வாங்க மாட்டேன். எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்கு இந்த நாளே பிடிக்காது.

சான் ஹோசே நர்ஸ்:
பண்பாட்டுச் சண்டையை நீங்கள் நடத்துங்கள். குழந்தைக்கு மூன்றரை வயது என்பதை யாரும் கவனிக்கவில்லை. 1969இல் ரீட்டா டெவ்ரீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பூனைக்கு நாய் முகமூடி மாட்டிப் பிள்ளைகளிடம் காட்டினார். முகமூடி மாட்டும்போது பூனையின் பின்பாதி அவர்கள் கண்ணெதிரேதான் இருந்தது. அப்படியும் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நினைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாறவில்லை. "அது மாமாதான், பயப்படாதே" என்று நாம் சொல்வது அந்த வயதில் ஏறாது. அதனால் முகமூடியே வேண்டாம். கன்னத்தில் மீசை, மூக்கில் கறுப்புப் பொட்டு, தலையில் காது வைத்த பட்டை, பூனை தயார். அதையும் அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போடுங்கள். அப்புறம், நான்கு வயதுக்குள் கெட்டி மிட்டாயும் முழுக் கடலையும் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைக்கும்.

டல்லாஸ் மாமா:
அதோடு விஷ மிட்டாய் பயம் வேறு. எங்கள் டெக்சாஸிலேயே 1974இல் ஒரு சிறுவன் இறந்தானே.

சான் ஹோசே நர்ஸ்:
அந்தப் பையனுக்கு சயனைடு கலந்து கொடுத்தது அவனைப் பெற்ற அப்பா, இன்சூரன்ஸ் பணத்துக்காக. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. தெரியாதவர் கொடுத்த மிட்டாய் என்று அந்த வழக்கைச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டியது காருக்குத்தான். 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை வைத்து வந்த ஓர் ஆய்வின்படி, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறப்பது மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆபத்து பத்து மடங்கு.

ஸ்கார்பரோ அப்பா:
அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதா? வருடம் முழுக்க ஹலோ சொல்வதோடு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து, குனிந்து, "யார் இந்தப் பூனைக்குட்டி?" என்று கேட்கிற நாள் இது ஒன்றுதான். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்றே தெரியாத பிளாட் வாழ்க்கையில் இதுவும் போனால் என்ன மிச்சம்? வெளிச்சம் இருக்கும்போதே ஐந்து மணிக்குக் கிளம்பி, தெரிந்த மூன்று வீடு போய்விட்டு வாருங்கள். எலும்புக்கூடு வீட்டை விட்டுவிடுங்கள். கனடாக் குளிருக்கு நாங்கள் வேடத்துக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுத்தான் கூட்டிப் போகிறோம், எந்த வேடமும் வெளியே தெரியாது, அது வேறு கதை.

டல்லாஸ் மாமா:
சரி, உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம். நான் இருட்டுவதற்கு முன்பே வாசல் விளக்கை அணைத்துவிடுவேன். விளக்கு எரியாத வீட்டை இங்கே யாரும் தட்ட மாட்டார்கள். இந்த ஊர் வழக்கத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

எடிசன் அம்மா:
மூன்று வீடா, வீட்டோடா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அன்றைக்கு அவள் மனநிலையைப் பார்த்துக்கொள்ளலாம். முகமூடி கிடையாது, அது உறுதி. ஒரு சந்தேகம்: பெரிய பூசணிக்காய் வாங்கிக் குடைந்தால் உள்ளே இருப்பதைச் சாம்பாரில் போடலாமா?

குலசை மண்:
போடாதீர்கள் அக்கா. குடைவதற்கென்று விற்கிற பெரிய காய் நாராகவும் நீராகவும் இருக்கும், ருசியே இருக்காது. சமையலுக்குச் சின்னதாக பை பம்ப்கின் (pie pumpkin) என்று விற்பார்கள், அதை வாங்குங்கள். இந்த வயதில் கத்தியும் வேண்டாம், காய் மேலேயே பெயின்ட் அடிக்க விடுங்கள். குடைந்தது சில நாளிலேயே பூசணம் பிடித்துவிடும், குடையாதது வாரக்கணக்கில் நிற்கும். பெரிய காய்தான் வேண்டுமென்றால் விதையை மட்டும் எடுத்துக் கழுவி, உப்பு, மிளகாய்த்தூள் பிசறி ஓவனில் வறுங்கள். அது பெரியவர்களுக்கு.