புதுப்பிப்பு: ஏழரை இன்ச் பேரல் (குழல்) .44 மேக்னம் ரிவால்வர், கிரிப் (பிடிக்கிற விதம்) சரியாயிடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, டெக்சஸ்ல வாங்குன ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ரிவால்வர், சுடும்போதெல்லாம் குண்டு கீழ இடது பக்கமா போகுது, மணிக்கட்டும் வலிக்குதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதல்ல மாத்துனது கட்டைவிரல் வைக்கிற விதம். பிஸ்டல் பழக்கத்துல ரெண்டையும் முன்னாடி நீட்டி வச்சிருந்தேன், ரிவால்வர்ல தோட்டா போடுற சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா சூடான வாயு பீச்சும், விரலையே கிழிச்சிடும்னு ஒருத்தர் சொன்னதும் பகீர்னு ஆயிடுச்சு. இப்போ இடது கட்டைவிரல் வலது மேல மடங்கி இறுக்கிப் பிடிக்குது, வலது கை கைப்பிடியோட பின்பக்கத்துல எவ்ளோ மேல போகுமோ அவ்ளோ மேல. நிக்கிறதும் மாறிடுச்சு, தோள் கொஞ்சம் முன்னாடி, முழங்கை லேசா மடக்கி, துப்பாக்கி மேல எழும்பினா எழும்பட்டும்னு விட்டுடுறேன், அதை அமுக்க நினைச்சதுதான் மணிக்கட்டு வலிக்கே காரணம்.

ஆனா குண்டு கீழ போனதுக்கு கிரிப் காரணமே இல்ல! சிலிண்டர்ல தோட்டா போடுற ஆறு அறைல ரெண்ட மட்டும் காலியா விட்டு சிலிண்டர சுத்திட்டு சுடுங்கன்னு சொன்னாரே ஒரு அண்ணன், காலி அறை வந்தப்போ துப்பாக்கியோட மூக்கு அப்படியே கீழ குத்துச்சு, உதைக்கப் போகுதுங்கிற பயத்துல நானே அமுக்கிருக்கேன். சக்தி கம்மியான .44 ஸ்பெஷல் தோட்டா இதுலயே போடலாம், உதை ரொம்பக் கம்மி, ரெண்டு வாரம் அதுல பழகுனதுல சரியாச்சு.

எதிர்பாக்காத விஷயம் எடை. ஒன்றரை கிலோ, முன்பாரம் வேற, குறி பாத்து அஞ்சாறு செகண்டுல சுடலைன்னா கை ஆட ஆரம்பிக்குது, இறக்கிட்டு மறுபடி தூக்குறதுதான் வழி.