625 மாத்திரைக்குப் பதிலா ரெண்டு 375 போடலாமா? அப்பாவுக்கு வயிறு சரியில்லை

மதுரை மகன்:
அப்பாவுக்கு 66 வயசு, பல வருஷமா சுகர். செருப்பு கடிச்ச இடத்துல சீழ் வச்சு, இடது பாதமே சிவந்து வீங்கிடுச்சு. டாக்டர் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டு, அமாக்ஸிசிலின் கிளாவுலானிக் 625-ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை, மூணு வேளை, ஏழு நாள்னு எழுதினார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மெடிக்கல்ல 625 இல்லைன்னு 375 கொடுத்தாங்க. "ரெண்டு ரெண்டா போடுங்க, கூடத்தானே இருக்கு"ன்னாங்க. நானும் வாங்கிட்டு வந்துட்டேன்.

இன்னிக்கு மூணாவது நாள். வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கு. ஆனா நேத்துல இருந்து அஞ்சாறு தடவை வயித்தால போகுது. "புண்ணுதான் ஆறுதே, மாத்திரையை நிறுத்திடு"ங்கிறார் அப்பா. நிறுத்தலாமா? ஒரே மாத்திரையில ரெண்டு மருந்து எதுக்கு?

கோவை அம்மா:
பல் பிடுங்கினப்போ எனக்கும் 625 கொடுத்தாங்க. வெறும் வயித்துல போட்டு ரெண்டு நாள் கஷ்டப்பட்டேன். அப்புறம் சாப்பிட உட்காரும்போதே போட ஆரம்பிச்சதும் அடங்கிடுச்சு.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, நான் 19 வருஷமா பார்மசிஸ்ட். அந்தக் கணக்கு தப்பு.

625-ங்கிறது 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 கிளாவுலானிக். 375-ல அமாக்ஸிசிலின் 250தான், கிளாவுலானிக் அதே 125. அப்போ ரெண்டு 375 போட்டா அமாக்ஸிசிலின் சரியா 500 வரும், ஆனா கிளாவுலானிக் 250 ஆயிடும். மூணு வேளைக்குச் சேர்த்து கிளாவுலானிக் 375 மில்லிகிராம் போக வேண்டிய இடத்துல 750 போகுது. இந்த மாத்திரையில வயித்தைக் கலக்குறது பெரும்பாலும் கிளாவுலானிக்தான்.

ரெண்டு மருந்து எதுக்குன்னு கேட்டீங்க. கிருமியைக் கொல்றது அமாக்ஸிசிலின். அது பெனிசிலின் குடும்பம், கிருமி தன் மேல்சுவரைக் கட்ட விடாது. சில கிருமிங்க பீட்டா லாக்டமேஸ்னு ஒரு நொதியை விட்டு அந்த மருந்தையே உடைச்சிடும். 1940லயே, பெனிசிலின் மக்கள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, ஆக்ஸ்ஃபோர்டுல ஆபிரகாம், செயின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஒரு நொதி இருக்குன்னு எழுதிட்டாங்க. கிளாவுலானிக் அமிலம் போய் அந்த நொதியோட ஒட்டிக்கிட்டு அதைச் செயலிழக்க வைக்கும், அமாக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கும். தனியா கிளாவுலானிக்கு கிருமியைக் கொல்ற பலம் ரொம்பக் கம்மி. அதனால அது ரெட்டிப்பா போனதுல அப்பாவுக்கு லாபம் எதுவும் இல்லை.

நீங்களா நிறுத்தாதீங்க. சுகர்காரங்க கால் புண்ணு மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். இன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணி 375 கதையையும் வயித்துப் பிரச்சினையையும் அப்படியே சொல்லுங்க. அவர் சொல்லாம வயித்துப்போக்கை நிறுத்துற மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மலத்துல ரத்தம், உடம்புல தடிப்பு, காய்ச்சல், சிவப்பு மேல ஏறுறது, இதுல எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குனா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. கண்ணு மஞ்சளா, சிறுநீர் கறுத்துப் போனாலும் காட்டணும். இந்த மருந்துல அபூர்வமா கல்லீரல் பாதிப்பு வரும், வயசான ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா. கோர்ஸ் முடிஞ்சு சில வாரம் கழிச்சுக்கூட தெரியலாம்.

இன்னொண்ணு. மாத்திரையை அட்டையிலிருந்து உரிச்சு டப்பாவுல போட்டு வைக்காதீங்க. கிளாவுலானிக்கு ஈரம் ஆகாது, கெட்டுப்போயிடும்.

கைக்குழந்தை அம்மா:
அக்கா, குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கணும். பாப்பாவுக்கு இதே மருந்து சிரப்பா கொடுத்தாங்க. பாதி மிச்சம் இருக்கு. அடுத்த தடவை சளி பிடிச்சா கொடுக்கலாமா?

மருந்துக்கடை அக்கா:
வேண்டாம்மா. தண்ணி கலந்ததும் பிரிட்ஜ்ல வச்சு ஏழு நாளைக்குள்ள முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். வெறும் சளி வைரஸால வர்றது, அதுக்கு இந்த மருந்து கேட்காது.

மதுரை மகன்:
அக்கா, டாக்டர்கிட்ட பேசிட்டேன். 375-ஐ நிறுத்திட்டு 625-ஏ வாங்கச் சொன்னார். நாளைக்குக் காலையில கட்டைப் பிரிச்சுப் பார்க்கிறாராம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வாங்கிட்டு வந்தேன், மதியம் முதல் வாய்ச் சோத்தோட போட்டார்.

நீங்க சொன்னப்புறம்தான் அப்பாவோட டப்பாவைத் திறந்து பார்த்தேன். சுகர் மாத்திரையோட சேர்த்து ஆறு 375-ஐயும் உரிச்சுப் போட்டிருக்கார். ரெண்டு மாத்திரை ஓரத்துல மஞ்சளா மாறியிருக்கு.