ஆரையம்பதிக் குடும்பக் குழு: கூத்து வீடியோவை இறுவட்டில் ஏற்றுவது பற்றி

— வெள்ளிக்கிழமை —

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். அரங்கேற்றத்தன்று எடுத்த கூத்து வீடியோ முழுவதையும் மருமகன் மடிக்கணினியில் ஏற்றி முடித்துவிட்டார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வீட்டிலும் ஆடிய பிள்ளைகளின் வீடுகளிலும் அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். கைத்தொலைபேசியில் தன் மத்தளத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அண்ணாவியார் குறைப்பட்டுக்கொண்டார். கமரா எடுத்த அதே தெளிவுடன் இறுவட்டில் எழுதிக் கொடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சின்னவர் விளக்கினால் நல்லது.

நான்: மொத்தம் 8 மணி நேரம் ஓடுகிறது மாமா. கமரா ஏவிசிஎச்டி என்ற எச்டி பதிவு முறையில், 1920×1080 அளவில், செக்கனுக்கு 17 மெகாபிட் வீதம் பதிந்திருப்பதால் எல்லாம் சேர்த்து 61 ஜிபி வருகிறது. அந்தக் கோப்புகளை அப்படியே டிவிடியில் எழுதிவிட்டால் போதாதா, சின்ன மாமா?

சின்ன மாமா: போதாது மருமகன். டிவிடி பிளேயர் இறுவட்டை உள்வாங்கியதும் ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறையைத்தான் தேடும். அதற்குள் ஐஎஃப்ஓ, விஓபி என்று முடியும் கோப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும், படமும் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கமரா பயன்படுத்துவது எச்.264 என்ற வேறு சுருக்கும் முறை. டிவிடி 1996இல் சந்தைக்கு வந்தது, எச்.264 தரநிலை 2003இல்தான் வெளியானது. ஆகவே சாதாரண டிவிடி பிளேயருக்கு அந்தக் கோப்பு விளங்காத பாஷை. அண்ணன், எந்த இறுவட்டில் எழுதுவது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் பெட்டிதான் தீர்மானிக்கும். அண்ணாவியார் வீட்டுப் பெட்டியின் முகப்பையும் பின்புறத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

பெரிய மாமா: (புகைப்படம்)
(புகைப்படம்)
இதோ, அவர் வீட்டில் இருந்துதான் அனுப்புகிறேன். பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, முகப்பில் 1080 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள், யூஎஸ்பி துளையும் உண்டு. அப்படியானால் இது எச்டி பிளேயர்தானே?

சின்ன மாமா: இல்லை அண்ணன், அந்த 1080 என்பது வெளியே அனுப்பும் படத்தின் அளவு மட்டுமே. டிவிடி வீடியோவின் அதிகபட்ச அளவு நம் நாட்டுப் பிஏஎல் தொலைக்காட்சி முறையில் 720×576. அதைத்தான் அந்தப் பெட்டி இழுத்துப் பெரிதாக்கி எச்டிஎம்ஐ வழியாகக் கொடுக்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றிப் பானையை நிரப்பலாம், பால் அதிகமாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 720ஐ 576ஆல் பெருக்கினால் வரும் புள்ளிகள், 1920ஐ 1080ஆல் பெருக்கி வருவதில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. யூஎஸ்பி துளைக்கு அருகில் டிவ்எக்ஸ் என்ற அடையாளம் தெரிகிறது. அது பழைய எம்பெக்-4 கோப்புகளை ஓட்டும் என்பதற்கான அடையாளம், எச்.264 கோப்பை அதில் செருகினால் ஆதரவில்லை என்றுதான் சொல்லும்.

அக்கா (ரொறன்ரோ): சாதாரண வெற்று டிவிடியிலேயே எச்டி வீடியோவை எழுத முடியும் என்று இங்கே ஒருவர் சொன்னாரே மாமா. அது பொய்யா?

சின்ன மாமா: பொய்யில்லை மகள், பாதி உண்மை. சோனியும் பானசோனிக்கும் 2006இல் ஏவிசிஎச்டி முறையை அறிமுகப்படுத்தியபோதே, அதைச் சாதாரண டிவிடியில் எழுதும் வழியையும் சேர்த்தே வகுத்தார்கள். இறுவட்டு டிவிடிதான், ஆனால் அதற்குள் இருக்கும் கோப்புறை அமைப்பு ப்ளூரேயினுடையது; எனவே பல ப்ளூரே பிளேயர்கள் அதை முழு எச்டி தெளிவுடன் காட்டும், டிவிடி பிளேயர் எதுவும் காட்டாது. இன்னொரு சங்கடம் கொள்ளளவு. 4.7 ஜிபி இறுவட்டு ஒன்றில் 17 மெகாபிட் வீதத்தில் 36 நிமிடந்தான் அடங்கும். முழுக்கூத்துக்கும் 14 இறுவட்டு வேண்டும். அரசன் சபைக்கு வரும் கொலு வரவு முடிவதற்குள் ஒருவர் எழுந்துபோய் இறுவட்டு மாற்ற வேண்டி வரும்.

தம்பி (அக்கரைப்பற்று): அப்படியானால் உண்மையான ப்ளூரே இறுவட்டிலேயே எழுதிவிடலாமே. ஒன்றில் 25 ஜிபி பிடிக்கும் அல்லவா?

சின்ன மாமா: பிடிக்கும், 3 இறுவட்டில் முழுக்கூத்தும் மாற்றமின்றி அடங்கிவிடும். ஆனால் ப்ளூரே எழுதுவதற்கு 405 நானோமீற்றர் நீல ஊதா லேசர் கொண்ட எழுதி வேண்டும். என் ஸ்ரூடியோவில் இருப்பது 650 நானோமீற்றர் சிவப்பு லேசர் உள்ள டிவிடி எழுதி. எழுதியை எங்காவது தேடிப் பிடித்தாலும் ஆரையம்பதியில் எத்தனை வீட்டில் ப்ளூரே பிளேயர் இருக்கிறது? போதாக்குறைக்குச் சோனி நிறுவனம் வெற்று ப்ளூரே இறுவட்டுத் தயாரிப்பை 2025 பெப்ரவரியுடன் நிறுத்திவிட்டது. இனிமேல் அந்த வழியில் புதிதாகக் காசு போடுவதை நான் விரும்பவில்லை.

மாமி: நீங்கள் எல்லோரும் இறுவட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், எட்டு மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தையே சுருக்கித்தானே மேடையேற்றினார்? நாமும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி ஒரே இறுவட்டில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரிய மாமா: அவர் சுருக்கியது பல்கலைக்கழக மேடைக்கும் புதிய சபையோருக்கும். இது கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியில் ஆடியவர்களின் வீட்டுக்குப் போகும் இறுவட்டு. எந்தப் பிள்ளையின் வரவை வெட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம். பிறகு அந்தத் தாய்க்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

மாமி: சரி, முழுவதையும் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளை வரும் இடத்துக்கு நேராகப் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

சின்ன மாமா: அது நியாயமான கேள்வி மச்சாள், அதற்குத்தான் டிவிடி இன்றும் உதவுகிறது. ஒவ்வொரு வரவின் தொடக்கத்திலும் ஓர் அத்தியாயக் குறி வைத்து, முகப்புப் பட்டியலில் பாத்திரத்தின் பெயரைப் போட்டுவிட்டால், றிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி அந்த இடத்துக்கே போகலாம். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

ஓர் இறுவட்டில் எவ்வளவு நேரம் போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். 2 மணி நேரம் போட்டால் செக்கனுக்கு 5 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். கல்யாண மண்டபத்தில் அசையாமல் நிற்கும் மணமக்களுக்கு அது போதும். இரவு வெளிச்சத்தில், சுற்றிச் சுழன்று ஆடும் வடமோடிக் கூத்துக்குப் போதாது. உடுப்பில் இருக்கும் கண்ணாடித் துண்டுகள் மின்னும் ஒவ்வொரு தடவையும் படம் சதுரம் சதுரமாக உடையும். 90 நிமிடம் என்று வைத்தால் 7 மெகாபிட்டுக்கு அருகில் வரும். ஆகவே 6 இறுவட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 நிமிடம்; வெட்டும் இடத்தைக் கணினி தீர்மானிக்கக் கூடாது, அண்ணன் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் பாடலின் நடுவில் இறுவட்டு முடிந்தால், ஏட்டைப் பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியார் என்னை மன்னிக்க மாட்டார்.

பெரிய மாமா: கூத்தின் எழுத்துக் கொப்பி என்னிடம் இருக்கிறது. எங்கே நிறுத்தலாம் என்று குறித்துத் தருகிறேன்.

— சனிக்கிழமை —

நான்: காலை வணக்கம். ஒரு சந்தேகம். நேற்றிரவு ஒரு துண்டை 576 அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தபோது, ஆடுபவர்கள் வேகமாகத் திரும்பும் இடங்களில் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லைப்போல் கிழிகிறது. நிற்கும் இடங்களில் தெளிவாகவே இருக்கிறது.

சின்ன மாமா: உங்கள் கமரா ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, ஒற்றை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டை வரிகளை அடுத்த கணத்திலும் எடுத்து, செக்கனுக்கு 50 அரைப்படங்களாகப் பதிகிறது. 1080 வரிகளை 576ஆகக் குறைக்கும்போது மென்பொருள் இதைக் கவனிக்காமல் இரண்டு கணங்களின் வரிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், சதங்கை கட்டிய கால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தெரியும், அதுதான் நீங்கள் பார்த்த கிழிசல். முதலில் அரைப்படங்களைப் பிரித்து 50 முழுப்படங்களாக்கி, பிறகு சிறிதாக்கி, டிவிடிக்காக மறுபடியும் வரிவரியாகப் பின்ன வேண்டும். பின்னும்போது மேல் வரி முதலில் வரும்படி அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். அது தலைகீழாக மாறினால் ஆட்டம் முன்னுக்கும் பின்னுக்கும் உதறும். கணினித் திரையில் இந்த உதறல் தெரியாமல் போகலாம், எனவே தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்காமல் சரியென்று முடிவு கட்ட வேண்டாம்.

கமராவின் கார்டில் இருந்த கோப்புகள் சுமார் 2 ஜிபிக்கு ஒரு தடவை துண்டுபட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாகச் சுருக்கி ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் தாளம் ஒரு கணம் விழும். கமராவுடன் வந்த மென்பொருளால் முதலில் ஒன்றாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒலியைத் தொட வேண்டியதில்லை, உங்கள் கமரா பதிந்திருக்கும் டொல்பி டிஜிட்டல் ஒலியை டிவிடி அப்படியே ஏற்கும். மத்தளமும் சல்லாரித் தாளமும் பதிந்தபடியே கேட்கும்.

தம்பி (அக்கரைப்பற்று): எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் யூஎஸ்பி இருக்கிறது மாமா. எங்களுக்கு இறுவட்டுக்குப் பதிலாகப் பென் டிரைவில் தர முடியுமா? எங்களுக்காவது எச்டி கிடைக்கட்டும்.

சின்ன மாமா: உண்மையில் எச்டியாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதுதான் சரியான வழி மகன். ஆனால் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால்தான் பழைய தொலைக்காட்சிகள் வாசிக்கும், அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நான் சொல்வது 1280×720 அளவு, செக்கனுக்கு 50 முழுப்படம், 8 மெகாபிட். அப்படிச் செய்தால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி, 8 கோப்புகளும் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கும். 1080ஐ விட்டு 720க்கு ஏன் இறங்குகிறேன் என்று கேட்பீர்கள்: 1080 அளவில் 50 முழுப்படத்தைப் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றால் ஓட்ட முடியாது, 25ஆகக் குறைத்தால் ஆட்டத்தின் சீரான ஓட்டம் போய்விடும். கூத்தில் கிரீடத்தின் மணிகளை எண்ணுவதைவிடக் காலைப் பார்ப்பது முக்கியம். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும்.

அக்கா (ரொறன்ரோ): எனக்கு இறுவட்டையே தபாலில் அனுப்புங்கள், மகனின் பாடசாலையில் காட்ட வேண்டும்.

சின்ன மாமா: வேண்டாம் மகள். கனடாவில் டிவிடிக்கு என்டிஎஸ்சி என்ற வேறு பட முறை. இங்கே எழுதும் பிஏஎல் இறுவட்டை அங்குள்ள பல பிளேயர்கள் ஏற்காது. பென் டிரைவுக்கான கோப்புகளை இணையம் வழியாக அனுப்பச் சொல்கிறேன், மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்துக் காட்டுங்கள்.

மாமி: போன வருடம் கடையில் எழுதி வாங்கிய கல்யாண இறுவட்டில் எல்லோரும் கிள்ளி இழுத்ததுபோல் ஒல்லியாக இருந்தார்கள். அது இதிலும் வருமா?

சின்ன மாமா: அது இறுவட்டின் குற்றமாக இருக்காது மச்சாள். தொலைக்காட்சியின் அமைப்பில் திரை வடிவத்தை 4:3 என்று விட்டுவைத்தால் அப்படித் தெரியலாம். 16:9 என்று மாற்றிவிட்டுப் பாருங்கள், தலைப்பாகையும் கிரீடமும் தம் அளவுக்கு வந்துவிடும்.

பெரிய மாமா: எழுதிய இறுவட்டு எத்தனை காலம் இருக்கும்? அண்ணாவியார் பேரப்பிள்ளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.

சின்ன மாமா: அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் அண்ணன். கடையில் வரும் படத்தின் இறுவட்டு அச்சில் அழுத்தியது. நாம் எழுதுவதோ, சாயப்படலத்தை லேசரால் சுட்டு அடையாளமிடுவது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நம் ஊரில் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஜன்னலோரம் வைக்காமல் உறையில் இட்டுச் செங்குத்தாக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மேலே பெயர் ஒட்டும் கடதாசி ஒட்ட வேண்டாம், சுழலும்போது சமநிலை தப்பும், மார்க்கரால் எழுதினால் போதும். பேரப்பிள்ளைக்கு வைப்பது அந்த 61 ஜிபி மூலக்கோப்புதான். மருமகன், கார்டில் இருந்த முழுக் கோப்புறையையும் பெயர் மாற்றாமல் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை உங்களிடமும் மற்றதைக் கல்லடியில் என்னிடமும் வையுங்கள். அது முடியும்வரை கார்டை அழிக்க வேண்டாம்.

நான்: சரி மாமா. 16 மடங்கு வேகத்தில் எழுதலாமா?

சின்ன மாமா: 8 மடங்கு போதும். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் வசதியை நிறுத்தாதீர்கள், இறுதியாக்குவதையும், அதாவது இனி எதுவும் எழுத முடியாதபடி இறுவட்டை மூடுவதையும், மறக்க வேண்டாம். இறுதியாக்காத இறுவட்டைப் பெரும்பாலான பிளேயர்கள் ஏற்காது. ஆனால் 6 இறுவட்டையும் உடனே எழுதத் தொடங்காதீர்கள். என்னிடம் அழித்தெழுதும் டிவிடி ஒன்று இருக்கிறது, கொலு வரவை மட்டும் அதில் எழுதிக்கொண்டு நாளை வருகிறேன். உதறல், நிறம், அத்தியாயக் குறி எல்லாவற்றையும் அண்ணாவியார் வீட்டுப் பெட்டியிலேயே போட்டுப் பார்ப்போம்.

பெரிய மாமா: நல்லது. நாளை மாலை 4 மணிக்கு வருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எத்தனை வீட்டுக்கு டிவிடி, எத்தனை வீட்டுக்குப் பென் டிரைவ் என்பதை இரவுக்குள் கேட்டுக் கணக்கெடுக்கிறேன். பென் டிரைவ் கேட்பவர்கள் தங்கள் பென் டிரைவைத் தாங்களே வாங்கித் தர வேண்டும்.