அடுத்த தொற்று வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

அருள்மொழி, திருச்சி

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பெருந்தொற்றுக் காலத்தில் அரசை விமர்சிப்பதையே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். நிறையப் பேர் ஆமோதித்தார்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

2020 ஜூனில் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரசின் தினசரி அறிக்கை சொன்ன கரோனா சாவுகளும் மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தவையும் ஒத்துப்போகவில்லை. 200-க்கு மேல் வித்தியாசம். ஊழலை எதிர்த்துப் போராடும் அறப்போர் இயக்கமும் பத்திரிகையாளர்களும் விடாமல் கேட்டார்கள். அரசு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை இறந்த 444 பேர் புதிதாகக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அவர்கள் கரோனாவில் இறந்தார்கள் என்பதே பதிவாகியிருக்காது.

சுந்தரராஜன், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அருள்மொழி அம்மா, 444 பேர் விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் களத்தில் நான் பட்டது வேறு.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். ஊசிதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படிப் பேசிய அத்தனை பேரும் 'நாங்கள் கேள்விதான் கேட்கிறோம்' என்றார்கள். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வுக் குழு பிறகு சொன்னது. ஆனால் அது வந்தது அக்டோபரில். நடுவில்தான் இரண்டாம் அலை வந்து போனது. முகாமில் மருந்து இருக்கும், நர்ஸ் இருப்பார், ஊசி போட ஆள் வராது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். 'விவேக்கையே கொன்ற ஊசி எனக்கு வேண்டாம்' என்று கதவைச் சாத்தினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, கரோனாவில் இறந்த டாக்டரை அடக்கம் செய்யப் போனவர்களைச் சென்னையில் கூட்டம் கூடி அடித்து விரட்டியது. அதுவும் பிணத்திலிருந்து நோய் பரவும் என்ற புரளியால்தான். அந்த நேரத்தில் பேச்சு ஆளைக் கொல்லும் அம்மா. நான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக், சேலம்

சுந்தரராஜன் சார் சொல்வதுதான் சரி. கோபத்தைத் தேர்தலில் காட்டுங்கள். நெருக்கடியில் முடிவெடுப்பவரை ஆளாளுக்குப் பின்னால் இழுத்தால் வேலை நடக்காது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை இருக்கிறதே, அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும்.

அருள்மொழி, திருச்சி

கார்த்திக் தம்பி, 54-வது பிரிவு பொய்யான எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்புவோருக்கானது. அரசைக் குறை சொல்வோருக்கு அல்ல. ஆக்சிஜனோ படுக்கையோ இல்லை என்று சமூக வலைத்தளத்தில் எழுதும் குடிமக்கள் மேல் நடவடிக்கை எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றமே 2021 ஏப்ரல் 30 அன்று சொன்னது.

தேர்தலில் காட்டச் சொல்கிறீர்கள். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முன் எல்லாக் கட்சிகளும் கூட்டிய கூட்டங்களைப் பார்த்தோமே. தொற்று ஏறிக்கொண்டிருந்தது, மேடையில் இருந்த தலைவர்கள் பலர் முகக்கவசம் கூடப் போடவில்லை. நிறுத்துங்கள் என்று நாம் அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நஸீமா, கல்முனை

இலங்கையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) போட்டார்கள். நிலத்தடி நீரில் வைரஸ் கலக்குமாம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அடக்கம் செய்வதே மார்க்கக் கடமையான முஸ்லிம்களான எங்கள் ஜனாஸாக்களை, அதாவது இறந்தவர்களின் உடல்களை, எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். நீதிமன்றம் போன மனுக்கள் தள்ளுபடியாயின. அப்போது கொழும்பில் பொரளை மயான வேலியில் சனங்கள் எதிர்ப்பைக் காட்ட வெள்ளைத் துணி கட்டினார்கள், முஸ்லிம்கள் மட்டுமல்ல. கிழக்கே பொத்துவில் தொடக்கம் வடக்கே பொலிகண்டி வரை தமிழர்களும் முஸ்லிம்களும் உரிமை கேட்டு நடத்திய பேரணியிலும் இந்தக் கோரிக்கை இருந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நிபுணர்கள் முடிவு, பேசாமல் இருங்கள் என்று எங்களுக்கும்தான் சொன்னார்கள், கார்த்திக்.

சுந்தரராஜன், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

நஸீமா அம்மா, அது அநியாயம். அதை எதிர்த்தது நியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அங்கே உங்களிடம் ஆதாரம் இருந்தது. இங்கே ஆதாரமே இல்லாமல் பேசியவர்களைத்தான் நான் சொல்கிறேன். விவேக் விஷயத்தில் மருத்துவமனையும் சுகாதாரச் செயலாளரும் அவர் சேர்க்கப்பட்ட அன்றே பத்திரிகையாளர்களிடம் விளக்கினார்கள். யார் காதில் வாங்கினார்கள்?

அருள்மொழி, திருச்சி

சார், ஏன் காதில் வாங்கவில்லை என்று யோசியுங்கள். முந்தைய ஆண்டு சாவுக் கணக்கிலேயே 444 பேரை விட்ட அரசு, ஊசி பத்திரமானது என்று சொன்னால் எந்த நம்பிக்கையில் மக்கள் ஏற்பார்கள்? நீங்கள் கதவு கதவாகப் பட்ட பாட்டில் பாதி அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 2021 மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றது. நாடு முழுக்க உருளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே! அன்று சாதாரண ஜனங்கள் எழுதிய பதிவுகளும் எடுத்த படங்களும் இல்லையென்றால், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். கரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்குக் கூட, இறப்புச் சான்றிதழில் கரோனா என்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கார்த்திக், சேலம்

செங்கல்பட்டில் காரணம் ஆக்சிஜன்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதே. அதைப் படித்த நோயாளி பயந்து அரசு மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தால் யார் பொறுப்பு?

அருள்மொழி, திருச்சி

அதனால்தான் விசாரித்து, முடிவை வெளியிடச் சொல்கிறேன். மாவட்டவாரியாக இறப்புப் பதிவேட்டின் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை இணையத்தில் போடட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

சுந்தரராஜன், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் துறையில் பலரும் போடுவார்கள், பொய்க் கணக்குக்கு முதலில் திட்டு வாங்குவது நாங்கள்தான். ஆனால் ஆதாரமின்றித் தடுப்பூசி மேல் பழி போடுபவர் மீது வழக்குப் போட்டால் நான் எதிர்க்க மாட்டேன். இதில் நான் மாறுவதாக இல்லை.

அருள்மொழி, திருச்சி

நானும் மாறுவதாக இல்லை சார். வழக்குப் போட்டால் அவர் தியாகி ஆகிவிடுவார், ஊசி மேல் சந்தேகம் இன்னும் கூடும். ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபர் வரை ஏன் இழுத்தது என்று கேளுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் அது வந்திருந்தால் உங்கள் முகாமுக்கு ஆள் வந்திருக்கும்.