ஸ்லாட்டு இருக்கு, சத்தம் உடையுது: டி.எஸ்.பி கார்டுக்கு எந்த மதர்போர்டு?

கொக்கிரகுளம்_டெக்:
எச்61 போர்டு, சத்தத்தைப் பதப்படுத்துற பழைய டி.எஸ்.பி கார்டு, பி.சி.ஐ-ங்கற பழைய ஸ்லாட்டு வகை. டிரைவர் ஏறிட்டு, கார்டும் தெரியுது. கொடைக்கு எடுத்த வில்லுப்பாட்டு டிராக்கை ஓட்டினா, உடுக்கு ஓயுற இடத்துல ‘டிக்’. பஃபர் (சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வைக்குற இடம்) 128-லயும் டிக், 512-லயும் டிக். பென் டிரைவ்ல ஃபைல் ஏத்துற நேரம் மட்டும் சோளம் பொரிஞ்ச மாதிரி வரிசையா வந்துச்சு, அங்கதான் பிடிபட்டது. எச்61 சிப்செட்டுக்குள்ள, அதாவது போர்டுல ஸ்லாட்டையெல்லாம் இணைக்குற சிப்புக்குள்ள, பி.சி.ஐ-யே கிடையாது. ஸ்லாட்டுக்குப் பக்கத்துல தனியா ஒரு பிரிட்ஜ் சிப்பு இருந்துதான் புது வகையான பி.சி.ஐ.இ-யை பி.சி.ஐ-யா மாத்திக் குடுக்கு. அது ஒரு நொடி திணறி, கார்டுக்குள்ள இருக்க குட்டி மெமரி காலியாகிட்டா, சாஃப்ட்வேர்ல எவ்வளவு பஃபர் ஏத்தியும் பிரயோசனம் இல்ல. அதே கார்டு பி75 போர்டுல, 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் 64. சுத்தம்.

தென்காசி_மிக்ஸ்:
அண்ணாச்சி, பி75-னு மட்டும் சொல்லிட்டுப் போனா கடைக்காரன் எச்77-ஐ எடுத்து நீட்டுவான். இன்டெல் சிப்செட்டு 7 வரிசையில பி75, கியூ75, கியூ77; 6 வரிசையில பி65, கியூ65, கியூ67. இதுலதான் பி.சி.ஐ சிப்செட்லயே இருக்கு. 8 வரிசையோட இன்டெல் அதை எடுத்துட்டான். பழசு வாங்குனா சி.பி.யு உக்காருற சாக்கெட்ல பின்னு வளைஞ்சிருக்கானு டார்ச் அடிச்சுப் பாத்து வாங்குங்க.

இங்க வேற கதை. பி.சி.ஐ.இ எக்ஸ்1 (ஒரே லேன், அதாவது ஒரே டேட்டா பாதை) கார்டு, புது போர்டு. முந்தின நாள் வரை ஓடினது, காலையில டிவைஸ் மேனேஜர்ல ஆளே இல்ல. கார்டு செத்துட்டுனு கூரியர் பெட்டி வரைக்கும் போயாச்சு. மேனுவல்ல ஸ்லாட் அட்டவணைக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி: ரெண்டாவது எம்.2-ல (எஸ்.எஸ்.டி செருகுற சின்ன ஸ்லாட்டு) எஸ்.எஸ்.டி போட்டா அந்த எக்ஸ்1 ஸ்லாட்டு அணைஞ்சுரும். எஸ்.எஸ்.டி-யைக் கழட்டினதும் கார்டு வந்துட்டு.

பாளை_வயர்மேன்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். போர்டு வாங்குறதுக்கு முன்னாலயே மேனுவலை டவுன்லோடு பண்ணி, பிளாக் டயகிராம் பாருங்க. எந்த ஸ்லாட்டு சி.பி.யு-லேர்ந்து வருது, எது சிப்செட்லேர்ந்து வருது, எது எதோட லேனைப் பங்கு போடுதுனு அதுலதான் இருக்கும். ரெண்டு ஸ்லாட்டு தடிமன் கிராபிக்ஸ் கார்டு போட்டா, கீழ உள்ள எக்ஸ்1 மறைஞ்சுரும். எக்ஸ்1 கார்டை எக்ஸ்4-லயும் எக்ஸ்16-லயும் செருகலாம், ஒண்ணும் ஆகாது.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது கார்டு சில தடவை தெரிஞ்சு சில தடவை தெரியலைனா, பயாஸ்ல அந்த ஸ்லாட்டை ‘ஆட்டோ’-லேர்ந்து ஜென்1-க்கு (பி.சி.ஐ.இ-யோட முதல் தலைமுறை வேகம்) எறக்குங்க. எக்ஸ்1-க்கு அதுலயே ஒரு பக்கத்துக்கு 250 எம்.பி/நொடி கிடைக்கும், ஆடியோவுக்கு அது தாராளம். கரண்டை மிச்சம் பிடிக்குற ஏ.எஸ்.பி.எம்-ஐயும் சி-ஸ்டேட்டையும் அணைங்க. பிறகு எந்த டிரைவர் தாமதப்படுத்துதுனு காட்டுற லேட்டன்சிமான் சாஃப்ட்வேரை அரை மணி நேரம் ஓட விட்டு, பட்டியல்ல எந்த டிரைவர் முதல்ல நிக்குதுனு பாருங்க. வைஃபைனு காட்டினா ரெக்கார்டிங் முடியுற வரை அதை டிசேபிள் பண்ணுங்க. பழைய டிரைவர் ஏறவே மாட்டேங்குதா? விண்டோஸ்ல ‘மெமரி இன்டெக்ரிட்டி’ (ஒத்துவராத டிரைவரைத் தடுக்குற பாதுகாப்பு வசதி) ஆன்ல இருக்கானு பாருங்க. கார்டுல ஸ்லாட்டுக்குள்ள போற பல்லைப் பென்சில் ரப்பரால துடைச்சுட்டுச் செருகுங்க.

கொக்கிரகுளம்_டெக்:
வயர்மேன், எச்61-ல ஏ.எஸ்.பி.எம்-ஐயும் சி-ஸ்டேட்டையும் அணைச்சுப் பாத்தாச்சு. லேட்டன்சிமான் பச்சையாத்தான் இருந்துச்சு, டிக் நிக்கல. பஸ்ல (கார்டுக்கு டேட்டா போற பாதையில) நடக்குற கோளாறு அந்த மீட்டர்ல விழாது. எல்லாத்துக்கும் பயாஸையே சொல்லுதீய.

பாளை_வயர்மேன்:
பிரிட்ஜ் சிப்புக்கு நான் மருந்து சொல்லலையே. சொன்னது பி.சி.ஐ.இ கார்டுக்கு.

மேலப்பாளையம்_ஆடியோ:
தென்காசி அண்ணாச்சி, கழட்டின எஸ்.எஸ்.டி-யை என்ன செஞ்சீய?

தென்காசி_மிக்ஸ்:
யு.எஸ்.பி பெட்டியில போட்டாச்சு, பேக்கப்புக்கு. சாம்பிள் லைப்ரரி சாட்டா எஸ்.எஸ்.டி-க்குப் போயிட்டு. அந்த எம்.2 மேல டேப் ஒட்டி ‘தொடாத’னு எழுதிப் போட்டிருக்கு.