எலிப்பொறிக் கட்டு: ஊரில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

உறவுகளுக்கு வணக்கம்.

"பேக்கர் பாணியில் கட்டினால் செலவு பாதி" என்ற பேச்சைக் கேட்டு ஆளாளுக்கு பிளான் போடுகிறார்கள். அந்தப் பாணியில் ஒன்றுதான் எலிப்பொறிக் கட்டு: செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, உள்ளே பொந்து விட்டுக் கட்டும் சுவர். இதில் பாதியெல்லாம் மிச்சமாகாது. சுவருக்கான செங்கல்லில் கால் பங்கு மிச்சம், அவ்வளவுதான்.

லாரி பேக்கர் 1937இல் பர்மிங்காமில் கட்டடக்கலை படித்து முடித்தவர். போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், துப்பாக்கி தொடாதவர். இரண்டாம் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனா போய் மயக்க மருந்து கொடுக்கும் வேலை பார்த்தார். 1945இல் தொழுநோய் இல்லங்கள் கட்ட இந்தியா வந்தவர், கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டார். அங்கே தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான்.

இனி கணக்கு. 9 × 4½ × 3 அங்குலக் கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்த வேண்டும். சுவரின் நீளவாக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே 3 அங்குலப் பொந்து. அடுத்து சுவருக்குக் குறுக்கே ஒன்று. 12 அங்குல நீளம், 4½ அங்குல உயரத்துக்கு 3 கல். கலவைக் கனத்தையும் கல்லில் சேர்த்தே கணக்கிட்டால் 100 சதுர அடிக்கு 800 கல். வழக்கமான ஒன்பதங்குலச் சுவருக்கு 1067. மேல் வரியின் குறுக்குக்கல், கீழ் வரி நீளக்கல்லின் நடுவில் உட்காரணும். அப்படி வைத்தால் குறுக்குக்கல்லின் இரு பக்கமும் மூணங்குலச் சந்து மேலிருந்து கீழ்வரை திறந்தே இருக்கும். கரண்ட் பைப் அதில் இறங்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கலவையில்தான். பழக்கதோஷத்தில் கொத்தனார் முழு அகலத்துக்கும் கலவையை அள்ளிக் கொட்டுவார். பொந்து தூர்ந்துவிடும், வெயில் சூடு நேராக உள்ளே வரும். மூணங்குல அகலப் பலகையைப் பொந்தின்மேல் வைத்து, இரண்டு ஓரத்திலும் மட்டும் கலவை போட்டுவிட்டுப் பலகையை உருவச் சொல்லுங்கள். முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டல் மட்டம், கடைசி வரி, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் பொந்தில்லாமல் கெட்டியாக வரணும்.

குறுக்குக்கல்லின் நீளம்தான் சுவரின் கனம். சூளைக்கல் அளவு கூடக்குறைய இருந்தால் ஒரு முகம் மேடுபள்ளமாகும். வெளிமுகத்தை நூல் பிடித்துக் கட்டி, உள்முகத்தைப் பூசிக்கொள்ளலாம்.

சுவர் எழுந்த பிறகு "இங்கே ஒரு ஏசி பாயிண்ட்" என்று துபாயிலிருந்து போன் போடாதீர்கள். உளியால் காடி வெட்டினால் மூணங்குலக் கல் பிளக்கும். ஸ்விட்ச், பைப், டிவி மாட்டும் இடம் எல்லாம் அஸ்திவாரத்துக்கு முன்பே வரைபடத்தில் இருக்கணும்.