நன்கொடையாளர் பதிவேட்டில் ‘உறவு’ என்ற கட்டம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

திருச்சிப் பதிவாளர்

முதியோர் இல்ல அறக்கட்டளை ஒன்றில் நன்கொடையாளர் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற ஆடியில் நடந்தது இன்னும் மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். தம் தந்தையின் திதிக்கு ஆண்டு தவறாமல் அன்னதானம் செய்துவந்த ஒருவர் காலமானார். செய்தி வந்த அன்றே அவருடைய பதிவில் ‘மறைந்தார்’ என்ற குறியை இட்டுத் தேதியையும் ஏற்றினேன். ஆனால் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து நாங்கள் வைத்திருந்த குடும்பப் பதிவில், உறையின்மேல் அச்சாகும் விளிப்பு வரி யாரோ எப்போதோ கையால் தட்டச்சு செய்ததாக இருந்தது. தனிநபர் பதிவில் என்ன மாறினாலும் அந்த வரி தானாக மாறாது என்பதை நான் கவனிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, அவர் பெயரை முன்னால் போட்டு ‘தம்பதியர் அவர்களுக்கு’ என்று நினைவூட்டுக் கடிதம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த அம்மா நேரில் வந்தார். கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து உறையை எடுத்து, அதன் மடிப்பைக் கட்டைவிரலால் நீவி மேசைமேல் வைத்தார். “தபால்காரர் வாசல்ல நின்னு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் தம்பி. நான் ஒரு நிமிஷம் உள்ளே திரும்பிப் பார்த்துட்டேன்” என்றார்.

பந்திக்கூடம்

எங்கள் இல்லத்தில் அன்னதான நாளன்று கூடத்தின் வாசலில் கரும்பலகை வைத்து ‘இன்றைய உபயம்’ என்று எழுதி, யார் நினைவாக, யார் செய்வது என்று குறிப்பது வழக்கம். பெயர்களைப் பதிவேட்டின் குடும்பப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

ஒரு பெரியவரின் வருடாந்திரத் திதி. பலகையில் இரண்டு மகன்களின் பெயர்களை எழுதியிருந்தேன். பந்தி தொடங்கும் நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து பலகையின் முன் நின்றார். பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியை வாங்கிப் பரிமாறத் தொடங்கினார். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான், “நான் அவருடைய மகள். மூன்று வருஷமாக இந்தப் பணத்தை அனுப்புவது நான்தான்” என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். திருமணமானபோது அவரை யாரோ கணவர் வீட்டுக் குடும்பப் பதிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதில் தவறில்லை, அவர் வசிக்கும் வீடு அதுதான். ஆனால் வசிக்கும் வீட்டை மாற்றும்போது பிறந்த வீட்டு உறவையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். எங்கள் பதிவேட்டின்படி அந்தப் பெரியவருக்கு மகளே இல்லை. வெளியே வந்து சாக்பீஸை எடுத்தேன்; அவர் என் கையைப் பிடித்து, “சாப்பாடு முடிந்துவிட்டதே, இனி எதற்கு?” என்றார். அழித்து எழுதாமல் அப்படியே விட்டதா சரி, எழுதியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

ரசீதுப் பிரிவு

பந்திக்கூடம் அவர்களுக்கு ஒரு கேள்வி. பணம் அந்த மகளின் கணக்கிலிருந்து வந்திருந்தால் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதும் அவர் பெயரில்தானே போயிருக்கும்? 2021-22 நிதியாண்டு முதல் பணம் கொடுத்தவரின் பான் எண்ணோடு, நன்கொடை விவரங்களை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 10பிடி-யை மே 31-க்குள் தாக்கல் செய்துவருகிறோம். அதில் உறவுக்கு இடமே இல்லை. அப்பாவுக்குப் பதில் மகன் என்று மாற்றிப் போட முடியாது. ஆக, அவர்தான் கொடுக்கிறார் என்பது உங்கள் அலுவலகத்தின் ஒரு மூலையில் மூன்று ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. பலகை எழுதுபவர் ரசீதுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

முதல் பதிவில் விளிப்பு வரியைக் குறை சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. குடும்பப் பெயர் உள்ள சமூகங்களை மனத்தில் வைத்துச் செய்த மென்பொருளில், தலைப்பெழுத்து மட்டுமே உள்ள நம் பெயர்களைத் திணிக்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் ஊரில் ஒரு தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைத்திருந்தார்கள். பேரன் என்றாலே பெயரைத் தாங்குபவன் என்றுதானே பொருள்? தாத்தாவின் தலைப்பெழுத்து அவருடைய தந்தையின் பெயரிலிருந்து வந்தது, பேரனுடையது அவனுடைய தந்தையின் பெயரிலிருந்து வந்தது. இரண்டும் வேறு. ஆனால் தலைப்பெழுத்துக் கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. பெயர் ஒன்று, முகவரி ஒன்று, கைபேசி எண்ணும் ஒன்று என்பதால், இரட்டைப் பதிவாக இருக்கலாம் என்று மென்பொருள் காட்டியது; நான் இணைத்துவிட்டேன். தாத்தா இறந்ததும் அந்த ஒரே பதிவில் ‘மறைந்தார்’ என்று குறித்தோம். மறு ஆண்டு பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கப் பள்ளிச் சீருடையோடு வந்த சிறுவன், முனைந்து என் திரையை எட்டிப் பார்த்து, தன் பெயரின் எதிரே இருந்த அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் அம்மா அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மென்பொருள் பயிற்றுநர்

என் அனுபவம் சிறியது. ஒரு நன்கொடையாளர் தம்மை வளர்த்தவரைச் ‘சித்தி’ என்று படிவத்தில் எழுதியிருந்தார். உள்ளீடு செய்தவர் ‘மாற்றாந்தாய்’ என்று தேர்ந்தெடுத்தார். உண்மையில் அவர் தாயின் தங்கை. அந்தச் சொல் அச்சான நன்றி மடலைப் பார்த்த நன்கொடையாளர் அதன்பின் எங்கள் அழைப்பை எடுக்கவே இல்லை.

எனவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதாக, உறவை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். சிவிசிஆர்எம் போன்ற நன்கொடையாளர் பதிவு மென்பொருள்களில் உடன்பிறந்தவர் என்ற ஒரே வகைதான் ஆயத்தமாகக் கிடைக்கும். அண்ணனா தம்பியா என்பது அதில் தெரியாது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதோ அதைப் பொறுத்தது. ஆனால் அதே மென்பொருளில் புதிய உறவு வகைகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஒருவரைத் தந்தை என்று ஏற்றினால், எதிர்ப்பக்கத்தில் மற்றவர் பிள்ளை என்று தானாகவே தோன்றும். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏற்றாதீர்கள். நாளடைவில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்.

பந்திக்கூடத்தில் நடந்ததற்குக் காரணம், குடும்பம் என்ற பதிவையும் உறவு என்ற பதிவையும் ஒன்றாக நினைத்ததுதான். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளின் தொண்டு நிறுவனத் தொகுப்பில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குடும்பக் கணக்கில்தான் இருக்க முடியும். அது கடிதம் போகும் வீட்டைக் குறிப்பது, அவ்வளவுதான். மகள் என்பதைத் தனி உறவாக ஏற்ற வேண்டும், அதை எந்தத் திருமணமும் தொடக்கூடாது. பணம் கொடுத்தவர் ஒருவராகவும், அதன் பெருமை சேர வேண்டியவர் வேறொருவராகவும் இருந்தால் அதற்கும் தனிக் கட்டம் உண்டு.

திதியை ஆங்கிலத் தேதியாக மட்டும் ஏற்றாமல் தமிழ் மாதம், பட்சம், திதி என்று மூன்றையும் ஏற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டே நினைவூட்டு தவறான நாளில் போகும். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைக் கேட்டு வாங்கும்போது பெற்றோரின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்கள் அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது.

கடைசியாக, உறவு எதையும் அழிக்காதீர்கள். மணமுறிவோ மரணமோ, முடிவுத் தேதியை இட்டு மூடுங்கள்.

திருச்சிப் பதிவாளர்

பயிற்றுநர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நாளையே செய்யப்போகிறேன். கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று அந்த அம்மாவின் எதிரிலேயே விளிப்பு வரியைத் திருத்தினேன். பிறகு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, உறவுப் பக்கத்தைத் திறந்து ‘கணவர்’ என்பதற்கு எதிரே முடிவுத் தேதியையும் இட்டேன். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. “உறவு முடிந்த நாள்னு போட்டிருக்கே, அது எந்த நாள் தம்பி?” என்று கேட்டார்.

பயிற்றுநர் என்ன சொன்னாலும், மணமுறிவையும் மரணத்தையும் ஒரே கட்டத்தில் மூடுவது தவறு என்றே எனக்குப் படுகிறது. இறந்த நாளை இறந்தவரின் பதிவில் எழுதினால் போதும். விளிப்பு வரியையும் உடனே திருத்திவிட்டால், கடிதம் யாருக்குப் போகக்கூடாது என்பதற்கு அந்தக் குறியே போதும். நான் இட்ட தேதியை அவர் பார்க்கவே அழித்தேன். ‘கணவர்’ என்ற வரியின் எதிரே அந்தக் கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர் அதை விடுபட்ட பதிவு என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இன்னும் நிரப்பவில்லை.